முட்டியைத் தளர்த்துங்கள், பாவாடை நாடாவையும்

கேள்வி:

எனக்கு 63 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் துணி ஃபாக்டரியில் தையல் மெஷினில் வேலை பார்த்தேன். வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கில். போன வருஷம் கோயில் பாட்டுக் குழுவில் சேர்ந்தேன். தேவாரம், திருப்புகழ் எல்லாம் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் பாடுகிறோம். சொல்லித்தருகிற அண்ணன் "நிமிர்ந்து நில்லுங்கள்" என்று என்னைப் பார்த்தே சொல்கிறார். நிமிர்ந்தால் இடுப்பு வலிக்கிறது. மூச்சு வரிக்கு நடுவிலேயே தீர்ந்துபோகிறது. தைப்பூசத்தன்று பாடும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். இன்னொன்று: மகள் வாட்ஸ்அப்பில் "சந்தோஷமான வாழ்க்கைக்குப் பத்துப் பழக்கங்கள்" என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். செய்து பார்த்தேன், ஒரு வாரத்தில் விட்டுப்போனது. எனக்கு ஏற்ற மாதிரி ஒரு பட்டியல் எழுதித் தருவீர்களா?

பதில்:

அன்புள்ள அக்கா,

நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோன தலைசுற்றலைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். குரல் சிகிச்சை செய்கிறவள் நான். அதைத் தாண்டிப் பாட்டுக்குப் போக எனக்கு மனம் வராது.

நின்று பாடுகிறவர்களுக்கு மயக்கம் வருவது புதிதில்லை. முட்டியைப் பின்னுக்குத் தள்ளி இறுக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் கெண்டைக்கால் தசைக்கு வேலையில்லாமல் போகிறது. காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளி அனுப்புவது அந்தத் தசைதான். அது சும்மா இருந்தால் ரத்தம் காலில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும், கண் இருட்டும். இதோடு, நம் டர்பனில் கோடையாக இருக்கிற தை மாதத்தின் புழுக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவடி நாளில் விரதம் வேறு. காலையிலிருந்து தண்ணீர்கூடச் சரியாகக் குடித்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் காரணம் இவ்வளவுதான் என்று கடிதத்தைப் பார்த்து நான் முடிவு கட்ட முடியாது. மாத்திரை பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. இந்த வயதில் நம் ஆட்களில் பிரஷருக்கோ சுகருக்கோ மாத்திரை போடாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் சொல்கிறேன். சில பிரஷர் மாத்திரைகள், முக்கியமாகச் சிறுநீர் அதிகம் போகச் செய்பவை, எழுந்து நிற்கும்போது பிரஷரைச் சட்டென்று இறக்கிவிடும். கிளினிக்கில் "படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ற பிறகு ஒரு தடவை பிரஷர் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். பெரும்பாலும் உட்கார வைத்து ஒரு தடவை பார்த்து அனுப்பிவிடுவார்கள், இது அதில் தெரியாது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இனிமேல் பாட்டுக்கு நடுவில் அப்படி வந்தால் வரி முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே உட்காருங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, நிற்கிற விஷயத்துக்கு வருவோம்.

"நிமிர்ந்து நில்" என்று சொன்னால் பத்தில் எட்டுப் பேர் மார்பைத் தூக்குவார்கள், தோளைப் பின்னால் இழுப்பார்கள், முட்டியைப் பூட்டுவார்கள், இடுப்பை முன்னால் வளைப்பார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் கற்றது அது. பார்க்க ஜோராக இருக்கும். அந்த நிலையில் முதுகுத் தசையும் வயிற்றுத் தசையும் உடம்பைப் பிடித்து வைப்பதிலேயே களைத்துப்போகும், மூச்சுக்கு இடம் விடாது. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. முப்பது வருஷம் மெஷின் ஊசியைப் பார்த்துக் குனிந்த முதுகு உங்களுடையது. மேல்முதுகு அந்த வளைவுக்குப் பழகியிருக்கும். "நிமிர்" என்றதும் நிமிர முடிந்த இடம் எதுவோ அதுதான் நிமிரும். அது கீழ்முதுகு. அங்கே தேவைக்கு மேல் வளைவதால் இடுப்பு வலிக்கிறது. உங்கள் அண்ணன் சொல்வது தப்பில்லை, எங்கிருந்து தொடங்குவது என்று அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கீழேயிருந்து தொடங்குங்கள். இரண்டு பாதத்துக்கும் நடுவே இடுப்பகல இடைவெளி. ஒரு பாதம் அரை அடி முன்னால் இருக்கலாம். எடை குதிகாலில் மட்டும் நிற்காமல் பாதம் முழுவதிலும் பரவட்டும். கோயிலில் வெறுங்காலோடு நிற்பது இதற்கு வசதி, தரை தெரியும். முட்டியை மடக்க வேண்டாம், பூட்டாமல் இருந்தால் போதும். யாராவது பின்னாலிருந்து விளையாட்டாகத் தட்டினால் மடங்கிக் கொடுக்க வேண்டும். முட்டி இளகினாலே இடுப்பின் முன்வளைவு பாதி சரியாகிவிடும். தோளை இழுக்காதீர்கள். ஒரு தடவை காதுவரை தூக்கி, தொப்பென்று போடுங்கள். விழுந்த இடம்தான் அதன் இடம்.

அப்புறம் தலை. மனிதத் தலை நாலரையிலிருந்து ஐந்து கிலோ. ஐந்து கிலோ அரிசிப் பையைக் கழுத்துக்கு நேர் மேலே வைப்பதும் முன்னால் நீட்டிப் பிடிப்பதும் ஒன்றில்லையே. தலை முன்னால் போனால் கழுத்தின் முன்பக்கத் தசைகள் இறுகும். குரல்வளை தொங்குவது அந்தத் தசைகளுக்கு நடுவில்தான், அதுவும் சேர்ந்து இறுகும். மேல்ஸ்தாயியில் மோவாயைத் தூக்கிக்கொண்டு எட்டிப்பிடிக்கிற பழக்கமும் இதே கணக்கில்தான் சேரும். சுருதி மேலே போகிறது என்பதற்காகத் தாடை மேலே போக வேண்டியதில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வருகிறது எனக்கு. நீங்கள் போடுவது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியா? அதில் படிக்கிற பகுதி கீழே இருக்கும். பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தால் அந்தக் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காக மோவாயைத் தூக்கியே ஆக வேண்டும். ஐம்பதைத் தாண்டிய பாடகர்களின் கழுத்து வலியில் நல்ல பங்கு இதில் இருக்கிறது. சொன்னால் நம்ப மாட்டார்கள், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாடச் சொன்னால் கழுத்து இறங்கிவிடும், வார்த்தைதான் வராது! கண் பரிசோதிக்கிறவரிடம் புத்தகம் பிடிக்கிற தூரத்தை அளந்து சொல்லி, அதற்கென்று சாதாரண ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அதுவரைக்கும் பாட்டுத் தாளைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் போட்டு, ஒரே பக்கத்தில் நாலு பதிகத்தை அடைத்து வைத்திருக்கிற தாள்களை நானும் பார்த்திருக்கிறேன். முப்பது வயதுக்காரர்களுக்கே கண் இடுங்கும். புத்தகத்தை மார்பு உயரத்தில் பிடியுங்கள். தலை அசையாமல், கண்ணை மட்டும் தூக்கினால் சொல்லித்தருகிறவர் தெரிய வேண்டும்.

குரலைத் தேடப்போய் உடம்பைப் படித்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்லலாம். எஃப். எம். அலெக்சாண்டர், 1869இல் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் கவிதைகள் ஒப்பிக்கிற நடிகர். குரல் கம்மிப்போய்க்கொண்டே இருந்தது, மருந்தால் தீரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தன்னையே கவனித்தார். பேசத் தொடங்குகிற கணத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்து, குரல்வளையை அழுத்தி, வாயால் மூச்சை உறிஞ்சுகிறோம் என்று தெரிந்தது. அதை விட்டொழிப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். அவர் பெயரில் இன்றும் சொல்லித்தருகிற முறையிலிருந்து உங்களுக்கு ஒரே ஒரு காரியம்: சாயங்காலம் பாயை விரித்து மல்லாந்து படுங்கள். முட்டியை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். தலைக்குக் கீழே ஒன்றிரண்டு புத்தகம். கை வயிற்றின் மேல். பத்து நிமிஷம், தூங்காமல். மேல்முதுகு வலுக்கட்டாயம் இல்லாமல் விரிவது இப்படித்தான். தரையிலிருந்து எழுவது கஷ்டம் என்றால் கட்டிலில் படுங்கள், மெத்தை கெட்டியாக இருக்கட்டும்.

அசையாமல் நிற்பதுதான் மரியாதை என்கிற எண்ணத்தையும் கொஞ்சம் விடலாம். நம் நாட்டிலேயே இதற்கு நல்ல வாத்தியார்கள் இருக்கிறார்கள். இசிகாதமியா பாடுகிற ஜூலுக் குழுக்களைப் பாருங்கள். ஊரைவிட்டு நகரத்துக்கு வேலைக்கு வந்து, விடுதிகளில் தங்கியிருந்த ஆண்கள் வளர்த்த பாட்டு. லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழு அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வாத்தியம் கிடையாது, குரல் மட்டும். கால்கள் ஓசையில்லாமல் எடுத்து வைத்துக்கொண்டே இருக்கும், முட்டி இளகியே இருக்கும், எடை ஒரு காலிலிருந்து மற்றதற்கு மாறிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை ராத்திரி தொடங்கி விடிய விடியப் போட்டியில் பாடுகிறவர்களுக்கு நிற்கிற வித்தை தெரியாமல் இருக்குமா? அம்மன் சந்நிதியில் நாம் அப்படி அடி எடுத்து வைக்க வேண்டாம். தாளத்தோடு எடையை மெல்ல இடம் வலம் மாற்றினால் யாருக்கும் தெரியாது, கெண்டைக்கால் வேலை செய்துகொண்டிருக்கும்.

இப்போது மூச்சு. இதில் முதல் குற்றவாளியை நான் ஊகித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்: பாவாடை நாடா.

மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கிற உதரவிதானம் கீழே இறங்குகிறது. அது இறங்க வேண்டுமானால் கீழே இருக்கிற குடலும் வயிறும் முன்னாலும் பக்கவாட்டிலும் ஒதுங்கி இடம்விட வேண்டும். புடவை நழுவக் கூடாது என்று நாடாவை வயிற்றை எக்கிக்கொண்டு இழுத்து முடிந்திருந்தால் எங்கே ஒதுங்கும்? அப்போது மூச்சு மேல்நெஞ்சுக்குப் போகும், தோள் ஏறி இறங்கும், கிடைப்பதும் அரை மூச்சுதான். இனிமேல் நாடா கட்டும்போது மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, வயிறு வெளியே இருக்கும்போது முடியுங்கள். முடிகிற இடம் தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் இருக்கட்டும். மெல்லிய கயிற்றுக்குப் பதில் அகலப் பட்டி தைத்துக்கொள்ளலாம். தையல் தெரிந்த கை, நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது, மூச்சை மூட்டை கட்டாதீர்கள். வரி நீளம் என்று பயந்து நெஞ்சு முட்ட இழுத்தால் முதல் இரண்டு வார்த்தையிலேயே பாதி கொட்டிப்போகும். இழுக்கும்போது சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தால் தொண்டை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு பாம்பு சீறுவது போல் "ஸ்ஸ்" என்று ஒரே சீராக விட்டுப் பாருங்கள். பத்து விநாடி சீராக வந்தால் நல்ல தொடக்கம், இருபது தானாக வரும்.

மூன்றாவது, தனியாகப் பாடுகிறவருக்கு இல்லாத ஒரு சலுகை குழுவில் இருப்பவருக்கு உண்டு. எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்க வேண்டிய கட்டாயமில்லை. பக்கத்தில் நிற்கிறவர் வரி முடிவில் வாங்கினால் நீங்கள் நடுவிலே ஒரு நெடில் எழுத்தில் நைசாக விட்டு, வாங்கி, மறுபடி சேர்ந்துகொள்ளலாம். கேட்கிறவருக்கு அறுபடாத பாட்டு. பெரிய பெரிய கொயர்களெல்லாம் இதைத் திட்டம் போட்டே செய்கின்றன. உங்கள் அண்ணனிடம் சொன்னால் அவருக்கும் பிடிக்கும்.

சுருதியைப் பற்றியும் அவரிடம் பேசுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்குரல் கொஞ்சம் கீழே இறங்குவது இயல்பு. குழு ஐந்தரைக் கட்டையில் பாடுகிறது, உங்களுக்கு நாலரைதான் சௌகரியம் என்றால் ஒரு கட்டை முழுவதையும் கழுத்தால்தான் தூக்குகிறீர்கள். சுருதியை இறக்க முடியாவிட்டால் உச்ச வரிகளை இளையவர்களிடம் விட்டுவிட்டு மற்றதைப் பாடுங்கள். பாடத் தொடங்குமுன் ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ராவின் நுனியை இரண்டு விரற்கடை உள்ளே விட்டு, "ஊ" என்று குரல் கொடுத்துக்கொண்டே குமிழி விடுங்கள், ஐந்து நிமிஷம். பேரப்பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். குரல்நாண் அதிகம் மோதாமல் பழகுவதற்கு இதைவிட மலிவான கருவி என்னிடம் இல்லை. ஒன்று மட்டும்: குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் ஸ்ட்ராவை வைத்துவிட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

உட்கார்ந்து பாடும் நாளில் ஒரு கம்பளியை நாலாக மடித்துப் போட்டு அதன் விளிம்பில் உட்காருங்கள். இடுப்பு முட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும். நாற்காலி என்றால் முன்பாதியில்.

மகளின் பட்டியலுக்கு வருகிறேன். நான் இன்னொன்று எழுதித் தரப்போவதில்லை அக்கா. பத்தும் நல்ல பழக்கங்களாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை காலையில் பத்தையும் ஒன்றாகத் தொடங்கச் சொன்னால் யாரால் முடியும்? அதுவும் "சந்தோஷமாக இருக்கிறேனா, இல்லையா" என்று தினம் தினம் தன்னையே சோதித்துக்கொண்டு! என் யோசனை வேறு. சந்தோஷத்துக்கென்று தனியாக எதுவும் செய்யாதீர்கள். பாட்டுக்காகச் செய்யுங்கள். நீளமான வரிக்கு மூச்சு வேண்டும், அதற்காகக் காலையில் நடங்கள். சாட்ஸ்வொர்த் மேடு பள்ளம் போதாதா? தனியாகப் போகாமல் பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொள்ளுங்கள், பத்திரத்துக்கும் ஆச்சு, பேச்சுக்கும் ஆச்சு. தண்ணீர் தொண்டை வழியாகப் போனாலும் குரல்நாணைத் தொடுவதில்லை. உடம்பெல்லாம் சுற்றித்தான் அங்கே ஈரம் சேர வேண்டும். மேடையேறுமுன் ஒரு பாட்டில் குடித்துப் பிரயோஜனமில்லை, காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள் (இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து சாப்பிடுகிறவர் என்றால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்). படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே சாப்பிட்டு முடித்தால் புளித்த நீர் தொண்டைக்கு ஏறாது, காலையில் குரல் கரகரக்காது, தூக்கமும் நன்றாக வரும். அதற்குப் பிறகு ஏதாவது வேண்டும் என்றால் காஃபீன் இல்லாத ரூய்போஸ் மூலிகை டீ. பட்டியலில் பாதி இதிலேயே முடிந்திருக்கும்.

மீதிப் பாதி ஆட்களைப் பொறுத்தது. ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஒன்று வெளியிட்டார்கள். புதிதாகத் தொடங்கிய வகுப்புகளை ஏழு மாதம் கவனித்தார்கள். சிலது பாட்டு வகுப்பு, சிலது கைவேலை, சிலது எழுத்து. பாடியவர்கள்தான் சீக்கிரம் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள். ஆனால் ஏழு மாத முடிவில் மற்ற வகுப்புக்காரர்களும் அதே அளவுக்கு நெருங்கியிருந்தார்கள். பாட்டைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள், எனக்கு இரண்டாவது பாதிதான் முக்கியம். பாட்டு கதவைச் சீக்கிரம் திறக்கிறது. உட்கார்ந்து பழகுவது நம் கையில். ஆகவே பயிற்சிக்குக் கால் மணி நேரம் முன்னால் போய் நாற்காலி போடுங்கள், முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு ஓடாமல் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். வராத ஆளுக்கு மறுநாள் போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேளுங்கள். நீங்கள் வராதபோது யாராவது கேட்பார்கள்.

வீட்டுக்காரர் பற்றி ஒரே வரி எழுதினீர்கள். சில பதிகங்களைப் பாடும்போது தொண்டை அடைக்கும். அது பயிற்சிக் குறைவு இல்லை. அழுகையை அடக்கும்போது தொண்டைத் தசை இறுகும், அந்த இறுக்கத்தின் மேல் அழுத்திப் பாடினால் குரல்தான் உரசும். அந்த வரியை விட்டுவிடுங்கள், பக்கத்தில் நிற்பவர்கள் பாடிக்கொள்வார்கள். அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளலாம். இப்படி நின்றுவிட்டு மறுபடி சேர்வதற்குக் குழுவைப் போல் வசதியான இடம் கிடையாது. ஆனால் பாட்டிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் போய்விட்டது, இது வாரக்கணக்காக நீள்கிறது என்றால் பிரஷர் பார்க்கிற அதே கிளினிக்கில் அதையும் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

இதையும் மொத்தமாகத் தொடங்காதீர்கள். இந்த வாரம் முட்டியும் நாடாவும் மட்டும். அடுத்த வாரம் தரையில் படுக்கிற பத்து நிமிஷம். கண்ணாடியைப் பென்ஷன் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம். இடுப்பு வலி ஒரு மாதத்தில் குறையவில்லை என்றாலோ, காலுக்கு இறங்கினாலோ, ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். தையல் மெஷினில் எத்தனை வருஷம் இருந்தீர்கள் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.